ஐம்பது நாள், பதினைந்து நிமிடம்

ஆற்றுத் தண்ணீரைப் பார்த்தவுடன் சந்தேகம் வருகிறது. கிணற்றுத் தண்ணீரிடம் அது வருவதில்லை. பூமிக்கு அடியிலிருந்து வருகிறது, தெளிவாக இருக்கிறது, கோடையிலும் தொண்டைக்குக் குளிர்ச்சியாக இறங்குகிறது. இதில் என்ன இருந்துவிடப் போகிறது என்று மனம் சமாதானம் சொல்லிக்கொள்கிறது. பெரும்பாலான இடங்களில் அந்தச் சமாதானத்துக்கு நல்ல காரணமும் உண்டு. மணல் நிலத்துக்குள் இறங்கிய மழைநீர் மிக மெதுவாகத்தான் நகரும். பல இடங்களில் நாளொன்றுக்கு ஒரு மீட்டர் நகர்ந்தாலே அதிகம். அந்தப் பயணத்தில் நீரோடு வரும் கிருமிகள் மணல்துகளில் ஒட்டிக்கொள்கின்றன. மண்ணின் சொந்த நுண்ணுயிர்களுக்கு இரையாகின்றன. மிச்சமிருப்பவை உணவில்லாமல் மடிகின்றன. குடலின் சூட்டில் வாழப் பழகிய பாக்டீரியாவால் குளிர்ந்த நிலத்தடியில் நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது.

நெடுநாள் என்றால் எத்தனை நாள்? ஜெர்மனியில் குடிநீர்க் கிணறுகளைச் சுற்றிப் பாதுகாப்பு வளையம் வரையும்போது 50 நாள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் நிலத்தடி நீரோடு சேர்ந்த கிருமி அங்கிருந்து கிணற்றை எட்ட 50 நாளாவது ஆக வேண்டும். அதைவிடச் சீக்கிரம் எட்டிவிடும் நிலப்பரப்பு முழுவதும் வளையத்துக்குள் வந்துவிடும். அங்கே சாணக் கழிவைப் பரப்புவதற்கும் புதிதாகக் கட்டடம் எழுப்புவதற்கும் கடும் கட்டுப்பாடு. தரையில் வரைந்த கோடுதான் என்றாலும் அதை அளந்தது நாட்களால். ஒரு நகரம் முழுக்கக் கிணறுகளை நம்பிக் குடிக்கிறது என்றால், கிணறு எத்தனை அடி ஆழம் என்பதைவிட முக்கியமான கேள்வி இதுதான்: இன்று மோட்டார் மேலே கொண்டுவரும் தண்ணீர் பூமிக்கடியில் எத்தனை நாள் இருந்தது?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள வாக்கர்ட்டன், 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4,800 பேர் வாழ்ந்த ஊர். சகீன் ஆற்றங்கரை, சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். ஊருக்குத் தண்ணீர் கொடுத்தவை மூன்று ஆழ்துளைக் கிணறுகள். 5, 6, 7 என்று எண்ணிட்டே அவற்றைக் குறிப்பிடுவார்கள். ஆறாம் கிணறு 72 மீட்டர் ஆழம், ஏழாம் கிணறு 76 மீட்டர். 1978இல் தோண்டிய ஐந்தாம் கிணறு மட்டும் வேறு ஜாதி. அதன் கேசிங் குழாய் தரையிலிருந்து 5 மீட்டர் வரைதான் இறங்கியது. அதற்கு அடியில் ஐந்தரை மீட்டருக்கும் ஏழரை மீட்டருக்கும் இடையே, வெடிப்பு விட்ட சுண்ணாம்புப் பாறையிலிருந்துதான் அதற்கு நீர் சுரந்தது. பாறையின் மேல் போர்த்தியிருந்த மண் இரண்டரை மீட்டர். இவ்வளவு மேலோட்டமான அந்தக் கிணற்றால் தனியாகவே ஊரின் தேவையில் பாதிக்கு மேல் கொடுக்க முடிந்தது.

சுண்ணாம்புப் பாறையின் தாராளம் அது. மழைநீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு பாறையை மெல்ல அரித்து, கீறலை வெடிப்பாகவும் வெடிப்பை வாய்க்காலாகவும் அகலப்படுத்துகிறது. தண்ணீர் கிடைக்க இதைவிட நல்ல பாறை இல்லை. ஆனால் அகன்ற வெடிப்பில் ஓடும் நீரை எதுவும் வடிகட்டுவதில்லை. மணலில் மாதக்கணக்கில் ஆகும் தூரத்தை அது சில நாட்களில், சில இடங்களில் சில மணி நேரத்தில் கடந்துவிடும். (யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகளும் சுண்ணாம்புப் பாறையில் அமைந்தவையே. அங்கே மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலுள்ள தூரம் இவ்வளவு பெரிய கவலையாக இருப்பதற்கும் இதுவே காரணம்.)

கிணற்றின் குணம் தோண்டிய ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. எந்த ஊர்க் கிணற்றையும் பயன்பாட்டுக்குக் கொண்டுவருமுன் நாள்கணக்கில் விடாமல் இறைத்துப் பார்ப்பார்கள். இறைக்க இறைக்கக் கிணற்றைச் சுற்றி நிலத்தடி நீர்மட்டம் புனல் வடிவத்தில் உள்வாங்கும். அந்தப் பள்ளம் எதுவரை பரவுகிறதோ அதுவரை உள்ள நீரெல்லாம் கிணற்றை நோக்கித் திரும்பும். 1978இல் அப்படி இறைத்தபோது பக்கத்தில் இருந்த ஊற்றுகள் பாதிக்கப்பட்டன; வெளியே வழிந்துகொண்டிருந்த நீரைக் கிணறு தன் பக்கம் இழுத்துக்கொண்டது. பரிசோதனை நீரில் மலக்கிருமியின் அடையாளமும் தென்பட்டது. கிணற்றைச் சுற்றியுள்ள நிலத்தின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவது பற்றி ஊர் யோசிக்க வேண்டும் என்று ஆய்வு செய்த நிலத்தடி நீர் வல்லுநர் அப்போதே எழுதிக் கொடுத்தார். அது நடக்கவில்லை. கிணறு ஓடத் தொடங்கியது.

இத்தகைய கிணற்றை அடையாளம் காண விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. உண்மையான நிலத்தடி நீரின் வெப்பநிலை ஆண்டு முழுக்க ஏறக்குறைய மாறாது. கோடையில் சூடேறி, குளிர்காலத்தில் சில்லிட்டு, பெருமழைக்கு மறுநாள் லேசாகக் கலங்கும் கிணற்றுநீர் மேலே உள்ள நீரோடு நேரடி உறவு வைத்திருக்கிறது என்று பொருள். தெர்மாமீட்டரும் மழைப் பதிவேடும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் ஓராண்டில் கண்டுபிடித்துவிடலாம். அப்படிப்பட்ட கிணற்றை ஆறாக நினைத்துத்தான் நடத்த வேண்டும்.

2000 மே 8 முதல் 12 வரை வாக்கர்ட்டனில் 134 மில்லிமீட்டர் மழை பெய்தது. 12ஆம் தேதி மட்டும் 70. கிணற்றுக்கு அருகே இருந்த பண்ணையில் ஏப்ரல் இறுதியில் வயலுக்கு மாட்டு எரு போட்டிருந்தார்கள். அந்தப் பண்ணையாளர் செய்ததில் எந்தத் தவறும் இல்லை. எரு இடும் முறைகளையெல்லாம் சரியாகவே கடைப்பிடித்திருந்தார் என்று பின்னால் வந்த விசாரணை தெளிவாகச் சொன்னது. உழவர் எரு போடும் நிலத்துக்குப் பக்கத்தில், வெடிப்புப் பாறையில், ஐந்து மீட்டர் கேசிங்கோடு ஊருக்குக் குடிநீர்க் கிணறு தோண்டியது யார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மழை எருவைக் கரைத்தது. கரைசல் மெல்லிய மண்ணைத் தாண்டி வெடிப்புக்குள் இறங்கியது. ஈ.கோலை ஓ157:எச்7, கேம்பிலோபாக்டர் ஜெஜுனி என்ற இரண்டு பாக்டீரியாக்கள் கிணற்றுக்குள் வந்தன. அந்த நாட்களில் ஊருக்கு முக்கியமாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது ஐந்தாம் கிணறு.

நிலம் கைவிட்டால் அடுத்த காவல் குளோரின். தண்ணீரில் கரைந்த குளோரின் ஹைப்போகுளோரஸ் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் பாக்டீரியாவின் உறையைத் துளைத்து உள்ளே போய் அதன் நொதிகளைச் சிதைக்கிறது. இதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். ஒன்டாரியோவின் விதிப்படி, குளோரின் கலந்து 15 நிமிடம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் தண்ணீரில் மீதம் இருந்தாக வேண்டும். இந்த மீதத்துக்கு எஞ்சிய குளோரின் என்று பெயர். அந்த மே மாதம் ஐந்தாம் கிணற்றில் இந்த விதி நிறைவேறியிருந்தால் வந்த பாக்டீரியாவில் 99 சதவீதத்துக்கு மேல் செத்திருக்கும்.

எவ்வளவு குளோரின் போட்டோம் என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. எவ்வளவு மிஞ்சியது என்று பார்க்க வேண்டும். எருக் கரைசலில் பாக்டீரியா மட்டும் வருவதில்லை. கூடவே அம்மோனியாவும் கரிமப் பொருட்களும் வருகின்றன. அவை பாக்டீரியாவை முந்திக்கொண்டு குளோரினைத் தின்றுவிடும். நேற்று வரை அரை மில்லிகிராம் மிஞ்சிய அதே அளவு இன்று போட்டாலும் ஒன்றும் மிஞ்சாது. எஞ்சிய குளோரின் சட்டென்று சரிந்தால் கிணற்றுக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று தண்ணீரே தகவல் சொல்கிறது. நிலத்தடியில் என்ன நடக்கிறது என்பதை அந்த நிமிடத்திலேயே சொல்லக்கூடிய மலிவான சாட்சி இதைவிட வேறில்லை.

அளப்பதும் எளிது. குழாயைச் சிறிது நேரம் திறந்து ஓடவிட்டு, சின்னக் கண்ணாடிக் குழலில் பத்து மில்லிலிட்டர் பிடிக்க வேண்டும். டிபிடி என்ற மாத்திரையை நசுக்கிப் போட்டால் குளோரின் இருக்கும் அளவுக்கு நீர் இளஞ்சிவப்பாகும். அதை நிற அட்டையோடு உடனே ஒப்பிட வேண்டும். நின்றால் நிறம் மாறிவிடும். நம் ஊராட்சிகளில் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர்கள் பயன்படுத்தும் குளோரோஸ்கோப்பும் செய்வது இதே வேலைதான்; அதில் நிறம் மஞ்சள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

வாக்கர்ட்டனில் இந்த ஐந்து நிமிட வேலையைத் தினமும் செய்ய வேண்டியவர்கள் பல ஆண்டுகளாகப் பெரும்பாலான நாட்களில் செய்யவே இல்லை. பதிவேட்டில் மட்டும் எண்கள் இருந்தன. 0.5, 0.75, மறுபடி 0.5, 0.75. விசாரணையில் அவை கற்பனை எண்கள் என்று வெளிப்பட்டது. அந்தப் பக்கங்களைக் கவனித்துப் படித்த யாருக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். உண்மையான அளவு ஒருநாள் 0.48 இருக்கும், இன்னொரு நாள் 0.61 இருக்கும், மழைக்குப் பிறகு 0.2க்கு விழும். மாதக்கணக்கில் ஆடாமல் அசையாமல் நிற்கும் எண் எந்தக் கிணற்றிலிருந்தும் வருவதில்லை.

ஆபரேட்டர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள்? குளோரின் வாடை அடிக்கிறது என்று ஊரார் குறை சொன்னதால் கலக்கும் அளவைக் குறைத்தார்கள். கிணற்றுநீர் சுத்தமானது என்று மனதார நம்பினார்கள். குளோரின் கலக்காத நீரைத் தாங்களே குடித்தார்கள். உரிமம் இருந்தது, ஆனால் பணி அனுபவத்தைக் கணக்கில் எடுத்துத் தேர்வில்லாமல் கிடைத்த உரிமம் அது. ஈ.கோலை என்றால் உண்மையில் என்ன ஆபத்து என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. இதில் எனக்குக் கோபத்தைவிட வருத்தமே மிஞ்சுகிறது. ஓர் ஊரின் உயிரை அவர்கள் கையில் கொடுத்தவர்கள், அந்த உயிர் எதில் தொங்குகிறது என்று கற்றுக்கொடுக்கவில்லை. மாகாணச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 1991, 1995, 1998 ஆகிய ஆண்டுகளில் ஆய்வுக்கு வந்தது. 1998இல் குளோரின் போதவில்லை என்று ஆய்வாளர் கண்டு எழுதினார். கட்டாய உத்தரவு போடவில்லை. திரும்பிவந்து பார்க்கவும் இல்லை. மேற்பரப்பு நீரின் நேரடித் தாக்கம் உள்ள கிணறுகளில் குளோரினையும் கலங்கலையும் தொடர்ந்து அளக்கும் கருவி வேண்டும் என்ற விதி 1994இலேயே வந்துவிட்டது. பழைய கிணறுகளை அந்தக் கண்ணோடு திருப்பிப் பார்க்கும் திட்டம் அமைச்சகத்திடம் இல்லை. ஐந்தாம் கிணறு சும்மா விடப்பட்டது.

ஆய்வகப் பரிசோதனை இருக்கிறதே என்று கேட்கலாம். இருந்தது. பரிசோதனைக்கு நீர் எடுக்கும் பாட்டிலில் முன்கூட்டியே சிறிது சோடியம் தயோசல்ஃபேட் போட்டிருப்பார்கள். அது குளோரினை முறித்துவிடும். இல்லையென்றால் வழியிலேயே பாக்டீரியா செத்துப்போய், குழாயில் இருந்த நிலவரம் ஆய்வகத்தில் தெரியாது. பாட்டிலைக் குளிரில் வைத்து அனுப்பி, ஆய்வகத்தில் ஊட்டக் கரைசலில் வளரவிட்டு, கண்ணுக்குத் தெரியும் அளவு பெருகும்வரை காத்திருக்க வேண்டும். குறைந்தது ஒரு நாள், சாதாரணமாக இரண்டு நாள். அதற்குள் அந்தத் தண்ணீரை ஊர் குடித்து முடித்திருக்கும். ஆய்வக அறிக்கை எப்போதும் முடிந்துபோன நாளைப் பற்றியே பேசுகிறது.

மே 15, திங்கட்கிழமை, மாதிரிகள் எடுத்தார்கள். 17ஆம் தேதி முடிவு வந்தது: தண்ணீரில் ஈ.கோலை. அதைத் தெரிந்துகொண்டது நீர் வழங்கல் மேலாளர் மட்டும். ஒன்டாரியோ அரசு 1996இல் தன் ஆய்வகங்களில் குடிநீர்ப் பரிசோதனையை நிறுத்தி, வேலையைத் தனியாரிடம் விட்டிருந்தது. மோசமான முடிவு வந்தால் சுகாதார அதிகாரிக்கும் சொல்லியாக வேண்டும் என்று தனியார் ஆய்வகத்தைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் அப்போது இல்லை. மேலாளர் யாரிடமும் சொல்லவில்லை. 18ஆம் தேதி, பக்கத்து நகரான ஓவன் சவுண்டில் இரண்டு குழந்தைகள் ரத்தப் பேதியோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். இருவரும் வாக்கர்ட்டனைச் சேர்ந்தவர்கள் என்பதைக் கவனித்த குழந்தை மருத்துவர் 19ஆம் தேதி சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் சொன்னார். அலுவலகம் மேலாளரைத் தொலைபேசியில் கேட்டது. தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றார். 20ஆம் தேதி மறுபடி கேட்டார்கள், அதே பதில். 21ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மதியம், சுகாதார அதிகாரி தாமாகவே முடிவெடுத்துத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி வானொலி வழியாக அறிவித்தார். அன்று ஊரில் பாதிப் பேருக்குத்தான் அது எட்டியது.

ஓ157 வகைக்கு நூறுக்கும் குறைவான பாக்டீரியா போதும், ஆளைப் படுக்கவைக்க. குடித்து மூன்று நான்கு நாளில் வயிற்றுவலியும் ரத்தப் பேதியும் தொடங்கும். அது சுரக்கும் நச்சு சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களைத் தாக்கும். குழந்தைகளின் சிறுநீரகம்தான் அதில் அதிகம் பாதிக்கப்படும். வாக்கர்ட்டனில் 27 பேருக்குச் சிறுநீரகம் இப்படிப் பாதிக்கப்பட்டது. நோயுற்றவர்கள் ஏறத்தாழ 2,300. இறந்தவர்கள் 7.

நீதிபதி டென்னிஸ் ஓகானர் தலைமையில் நடந்த விசாரணையின் முதல் அறிக்கை 2002 ஜனவரியில் வந்தது. அதில் ஒரு கணக்கு இருக்கிறது. மேலாளர் உண்மையைச் சொல்லியிருந்தால் காய்ச்சிக் குடிக்கும் அறிவிப்பு 19ஆம் தேதியே வந்திருக்கும். முந்நூறு முதல் நானூறு பேர் நோயிலிருந்து தப்பியிருப்பார்கள். ஆனால் இறந்த ஏழு பேரில் யாரையும் அது காப்பாற்றியிருக்க வாய்ப்பில்லை என்கிறது அதே அறிக்கை. மறைத்த குற்றத்தை இது கொஞ்சமும் லேசாக்கவில்லை. அறிவியலாகப் பார்த்தால் இதன் பொருள் பெரிது. ஆய்வகம் தொலைபேசியை எடுத்தபோதே அந்த ஏழு பேரைப் பொறுத்தவரை எல்லாம் முடிந்திருந்தது. அவர்களைக் காத்திருக்கக்கூடியது ஐந்தாம் கிணற்றின் பம்ப் அறையில், 12ஆம் தேதி மழைக்குப் பிறகு, குளோரின் சரிந்ததைக் கண்டு மோட்டாரை நிறுத்தும் ஒரு கருவி. அது இருந்திருந்தால் இந்தக் கொள்ளைநோயே வந்திருக்காது என்று ஓகானர் முடிவுசெய்தார். கருவி இல்லாவிட்டாலும், தினமும் கையால் உண்மையாக அளந்திருந்தால் பாதிப்பு வெகுவாகக் குறைந்திருக்கும் என்றும் எழுதினார்.

வாக்கர்ட்டனை உலகமே படித்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2016 ஆகஸ்டில், நியூசிலாந்தின் ஹேவ்லாக் நார்த் நகரில் மறுபடி நடந்தது. ஏறத்தாழ 14,000 பேர் வாழும் ஊர். புரூக்வேல் சாலைக் கிணறுகளின் நீர் பாதுகாப்பானது என்று கருதி, கிருமிநீக்கம் எதுவும் செய்யாமலே கொடுத்துவந்தார்கள். பெருமழை ஆட்டுச் சாணத்தைப் பக்கத்துக் குட்டைக்கு அடித்துச் சென்றது; குட்டை நீரை நிலத்தடி வழியாகக் கிணறு இழுத்தது. கேம்பிலோபாக்டர் தொற்றி ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். நான்கு மரணங்கள் அதோடு தொடர்புபடுத்தப்பட்டன. அங்கேயும் அரசு விசாரணை நடந்தது. அதில் வெளிவந்தவற்றில் என்னை மிகவும் உலுக்கியது, 1998லும் புரூக்வேல் கிணற்று நீரால் இதே கிருமி இதே ஊரில் பரவியிருந்தது என்பதே. ஊர் அதை மறந்துவிட்டிருந்தது. குளோரின் வாடையில்லாத நல்ல தண்ணீர் என்ற பெருமை அந்த நினைவைவிட நீடித்தது.

ஐந்தாம் கிணறு இப்போது பயன்பாட்டில் இல்லை. ஒன்டாரியோ 2002இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தையும், 2006இல் கிணறுகளையும் நீர்நிலைகளையும் சுற்றியுள்ள நிலத்தைக் காக்கும் சட்டத்தையும் கொண்டுவந்தது. மோசமான முடிவு வந்தால் ஆய்வகம் சுகாதார அதிகாரிக்கும் அமைச்சகத்துக்கும் உடனே நேரடியாகச் சொல்லியாக வேண்டும். மாகாணமெங்கும் உள்ள நீர் வழங்கல் பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் மையம் வாக்கர்ட்டனிலேயே அமைந்திருக்கிறது. நகர நீர்நிலையங்களில் கிருமிநீக்கத்துக்கான குளோரினைக் கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது அளந்து பதிகிறது. குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை மணி அடிக்கும், அல்லது தண்ணீர் ஊருக்குள் போகாமல் தானாக நின்றுவிடும். கருவி பதிந்ததை 72 மணி நேரத்துக்குள் தகுதி பெற்ற ஒருவர் எடுத்துப் பார்த்தாக வேண்டும் என்றும் விதியில் எழுதியிருக்கிறார்கள்.